ஸ்ட்ரெதம் வீதியில் ஒரு பழைய லாண்ட் றோவர்

தென் லண்டனில் ஸ்ட்ரெதம் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நீண்ட பெருந்தெருதான். டூட்டிங்கில் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு 57ஆம் இலக்க பஸ்ஸில் திரும்பும் எவரும் அத்தெருவைத் தவிர்க்க முடியாது. ஊரின் பெயரே அந்தத் தெருவால் வந்தது. 'தெருவோரக் குடியிருப்பு' என்பது அப்பெயரின் பழைய ஆங்கிலப் பொருள். உரோமர் காலத்துப் பாதை ஒன்றின் தடத்தில் எழுந்த ஊர் இது. இன்று அந்தத் தெரு ஏ23 என்னும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. வடக்கே பிரிக்ஸ்ரன், தெற்கே குறொய்டன், அதற்கும் அப்பால் கடற்கரை நகரான பிரைட்டன்.

இந்தத் தெருவில் ஆண்டுக்கொரு முறை ஒரு வேடிக்கை நடப்பதை நாங்கள் பல தடவை பார்த்திருக்கிறோம். நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, குளிரில் கைகள் விறைக்க, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடைபாதையில் நிற்போம். 1905ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட கார்கள் ஹைட் பூங்காவில் இருந்து பிரைட்டனை நோக்கிப் புகை கக்கிக்கொண்டு வரும். 1896 நவம்பர் 14ஆம் திகதி நடந்த முதல் ஓட்டத்தின் நினைவாக இது நடத்தப்படுகிறது. அதுவரை மணிக்கு 4 மைலாக இருந்த வேகக் கட்டுப்பாட்டை அந்த ஆண்டுச் சட்டம் 14 மைலாக உயர்த்தியது. அந்த மகிழ்ச்சியில் கூட்டமாகப் புறப்பட்ட வாகனங்களில் ஏறக்குறைய பாதிதான் பிரைட்டன் போய்ச் சேர்ந்தன.

இப்போதும் சில இடைவழியில் நின்றுவிடும். தொப்பியும் கண்ணாடியும் அணிந்த கனவான்கள் இறங்கி, நிலத்தில் முழங்கால் ஊன்றி, எண்ணெய்க் கையோடு எதையோ முடுக்குவார்கள். தெருவில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை. முதன்முதலில் இதைப் பார்த்தபோது எங்களோடு நின்ற மெக்கானிக் அண்ணர் மெல்லச் சொன்னார்: "பாத்தீங்களே, இஞ்சை வாகனம் நிண்டா வெக்கமில்லை. திருத்தத் தெரியாட்டித்தான் வெக்கம்."

அந்த அண்ணரைப் பற்றியும், அவர் ஓடவைத்த எங்கள் பழைய லாண்ட் றோவரைப் பற்றியும் எழுதத்தான் இந்தக் கட்டுரை. புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்கள் பல, மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய வாகனம் வாங்குகின்றன. அவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவக்கூடும்.

நாங்கள் ஸ்ட்ரெதமில் ஒரே தெருவில் குடியிருந்த மூன்று குடும்பத்தினர். 2006இல் அயலில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் வீடு மாறும்போது, தன் வாசலில் பாசி பிடித்து நின்ற லாண்ட் றோவரை எங்களுக்கு மிகக் குறைந்த விலைக்குத் தந்தார். 1984ஆம் ஆண்டு வாகனம், மூன்றாம் தொடர், பெற்றோல் இயந்திரம். மூன்று வீட்டாரும் காசு போட்டு வாங்கினோம். தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரமும் கதிரைகளும் ஏற்ற, கோயில் திருவிழாவுக்குப் பாத்திரங்கள் ஏற்ற, ஆண்டில் ஒரு முறை கடற்கரைக்குப் போக என்பதுதான் எண்ணம். எங்கள் மனைவிமாரில் ஒருவரும் அதை ஆதரிக்கவில்லை என்பதையும் உண்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணர் அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். இரவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்றார். ஊரில் அவர் அரச திணைக்களம் ஒன்றின் வேலைத்தளத்தில் லாண்ட் றோவர்களும் ஜீப்புகளும் திருத்தியவர். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது தனியாகக் கராஜ் வைத்திருந்தார். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை, மின்சாரமும் இல்லை. அந்தக் காலத்தை வாழ்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் திரியும் வைத்து எரித்த சிக்கன விளக்கில் அண்ணன்மாரும் அக்காமாரும் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெயில் கார் ஓடுவது மந்திரமல்ல. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதைத் தாங்கின. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் கீழே வடிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்றாவிட்டால் உள்ளே உள்ள தாங்கிகள் தேய்ந்துவிடும். இங்கே பிரித்தானிய விவசாயிகளும் உலகப்போர்க் காலத்திலும் அதன் பின்னரும் இதே முறையில்தான் தங்கள் உழவு இயந்திரங்களை ஓட்டினார்கள். பெற்றோலில் எழுப்பி, மண்ணெண்ணெயைப் போன்ற மலிவான எரிபொருளுக்கு மாற்றினார்கள். இதை அண்ணரிடம் சொன்னபோது அவர், "அப்ப நாங்கள் ஒண்டும் புதுசாக் கண்டுபிடிக்கேல்லை" என்று சிரித்தார்.

லாண்ட் றோவர் பிறந்த கதையும் தட்டுப்பாட்டின் கதைதான். றோவர் கம்பனியின் பொறியியல் தலைவர் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில், போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றைப் பாவித்து வந்தார். அது பழுதாகினால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வியில்தான் புதிய வாகனத்தின் எண்ணம் தோன்றியது. 1947இல் அத்தீவின் கடற்கரை மணலில் அதன் வடிவத்தை அவர் கீறிக் காட்டினார் என்பார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அது வெளியானது. போருக்குப் பின் உருக்குக்குப் பங்கீடு இருந்ததால் மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். போர்க்காலத்து விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிய பச்சை வர்ணத்தைப் பூசினார்கள். அதன் பழைய உருவம் பல மாற்றங்களோடு 2016 ஜனவரி 29 வரை சொலிகல் தொழிற்சாலையில் செய்யப்பட்டு வந்தது. மொத்தம் இருபது இலட்சத்துக்கும் மேல்.

மேற்கூடு அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது. ஆனால் அடியில் உள்ள சட்டகம் இரும்பு. மேலே பளபளப்பாக இருக்க, கீழே உக்கிக்கொண்டு போகும். பழைய லாண்ட் றோவர் வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது கதவையோ வர்ணத்தையோ அல்ல, நிலத்தில் படுத்துச் சட்டகத்தைத்தான். நாங்கள் அதைப் பார்க்காமல் வாங்கினோம்.

வாங்கிய முதல் ஆண்டில் அந்த வாகனம் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். ஈரமான காலையில் எழும்பாது. மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் மூடிக்குள் பனி நீர் கோர்த்திருக்கும். துடைத்து உலர்த்தினால் எழும்பும். யூலை மாத வெயிலில், ஸ்ட்ரெதம் பெருந்தெரு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நின்றுவிடும். எரிபொருள்க் குழாய் சூடாகி, உள்ளே பெற்றோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதுதான் காரணம். அண்ணர் ஒரு துணியை நனைத்துப் பம்பின் மேல் சுற்றிவிட்டு, பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்வார். பிறகு ஓடும்.

ஒவ்வொரு முறையும் அவர் செய்வது ஒன்றே. முதலில் ஒன்றையும் தொடமாட்டார். "என்ன சத்தம் கேட்டது? நிக்க முதல் திக்கினதோ, சடாரெண்டு நிண்டதோ?" என்று ஓட்டினவரிடம் கேட்பார். திக்கித் திக்கி நின்றால் பெற்றோல் வரவில்லை என்ற பக்கமாகத் தேடுவார். சடாரென்று நின்றால் மின்பொறி போய்விட்டது என்ற பக்கமாகத் தேடுவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது என்பார். இந்த ஒழுங்கைப் பழகிக்கொண்டதால் எங்களில் ஒருவருக்குப் பிற்காலத்தில் வேலைத்தலத்திலும் பெரும் பயன் கிடைத்தது. வாகனத்தோடு ஒரு தொடர்பும் இல்லாத வேலை அது.

2008 ஆவணியில் மூன்று குடும்பமும் பிரைட்டன் போய்த் திரும்பிய மாலை. பேர்லி அருகே பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். இயந்திரம் உறுமுகிறது, வாகனம் அசையவில்லை. பிள்ளைகள் பின் இருக்கையில் நித்திரை. பின் அச்சுக்குள் சில்லைச் சுழற்றும் தண்டு முறிந்துவிட்டது என்று அண்ணர் சத்தத்திலேயே கண்டுகொண்டார். இந்த வகை வாகனத்துக்கு அது தெரிந்த பலவீனம். இழுத்துச் செல்லும் வண்டியை அழைக்க நாங்கள் தொலைபேசியை எடுத்தோம். அவர் பேசாமல் கியர்ப் பிடிக்கு அருகில் இருந்த மஞ்சள் குமிழைக் கீழே அமத்தினார். முன் சில்லுகள் இரண்டும் இயங்கத் தொடங்கின. பின் சில்லுகள் இழுபட்டு வர, முன் சில்லுகளின் பலத்தில் மெதுவாக ஸ்ட்ரெதம் வந்து சேர்ந்தோம். நான்கு சில்லிலும் விசை உள்ள வாகனத்தின் அருமை அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. அடுத்த ஞாயிறு ஆறு போல்ற்றுகளைக் கழற்றி, முறிந்த தண்டை வெளியே இழுத்து, உள்ளே நின்றுவிட்ட துண்டைக் காந்தம் கட்டிய கம்பியால் எடுத்து, பழைய சாமான் கடையில் வாங்கிய தண்டை மாட்டினார்.

அந்தக் குமிழைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவ்வகைப் பழைய வாகனங்களில் காய்ந்த தார் வீதியில் நான்கு சில்லு விசையைப் பாவிக்கக் கூடாது. திருப்பங்களில் முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு தூரம் ஓடுவதால் உள்ளே முறுக்கம் ஏறிப் பற்சில்லுகள் உடையும். சேற்றிலும் பனியிலும் சில்லு சிறிது வழுக்குவதால் அந்த முறுக்கம் தானாகக் கழன்றுவிடும்.

அப்படி ஒரு பனி 2009 பெப்ரவரி 2ஆம் திகதி வந்தது. லண்டன் முழுவதும் பஸ் சேவை நிறுத்தப்பட்ட நாள் அது. எங்களில் ஒருவரின் மனைவி டூட்டிங்கில் உள்ள சென்ற் ஜோர்ஜஸ் ஆஸ்பத்திரியில் தாதி. காலை வேலைக்குப் போயே ஆகவேண்டும், இரவு முழுவதும் நின்றவர்கள் மாற்று ஆள் இல்லாமல் காத்திருக்கிறார்கள். மஞ்சள் குமிழை அமத்திக்கொண்டு டூட்டிங் பெக் வீதியால் ஊர்ந்து போனோம். வழியில் அதே ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த மூவரை ஏற்றினோம். திரும்பி வந்து மறுபடி ஒரு தடவை போனோம். அன்றிலிருந்து மனைவிமாரும் அந்த வாகனத்தைப் பற்றிக் குறை சொல்வதை விட்டுவிட்டார்கள்.

இதுவரை பெருமைக் கதை. இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும்.

2010 கோடையில் முன் இடது சில்லின் பிறேக் உருளை ஒழுகத் தொடங்கியது. உதிரிப்பாகம் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. ஊரில் இந்த நிலைமை வந்தால் என்ன செய்வார்கள் என்று அண்ணருக்குத் தெரியும். ஒழுகும் சில்லுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டால் மற்ற மூன்று சில்லிலும் பிறேக் வேலை செய்யும். தடைக்காலத்தில் பல வாகனங்கள் அப்படித்தான் ஓடின. வீதியில் வேறு வாகனம் இல்லை, வேகமும் இருபது மைலைத் தாண்டாது. அவர் அதையே செய்தார். நாங்களும் மறுக்கவில்லை. உண்மையில் நாங்கள்தான் அவரை அவசரப்படுத்தினோம்.

ஸ்ட்ரெதம் கொமனின் ஓரமாகப் பெருந்தெருவை நோக்கி இறங்கும் சரிவில், முன்னால் ஒரு நாய் பாய, ஓட்டினவர் பிறேக்கை அழுத்தினார். முன் வலது சில்லு மட்டும் பிடித்தது. வாகனம் வலப்பக்கம் இழுத்து, எதிரே வரும் வாகனங்களின் பாதைக்குள் போய்க் குறுக்காக நின்றது. எதிரே வந்த வான்காரர் விழிப்பாக இருந்தபடியால் நிறுத்திவிட்டார். இரண்டுக்கும் இடையில் ஒரு கை அகலம். பின் இருக்கையில் வெள்ளைக் காற்சட்டையோடு இரண்டு பிள்ளைகள். வான்காரர் எங்களைத் திட்டவும் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அது திட்டியதிலும் மோசமாக இருந்தது.

அன்று பின்னேரம் அண்ணர் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணியையும் குடிக்காமல் இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, ஓட வைக்கிற சாமானிலை எப்பிடியும் விளையாடலாம். நிப்பாட்டுற சாமானிலை விளையாடக் கூடாது. ஊரிலை ரெண்டையும் ஒண்டா நினைச்சுப் பழகிட்டன்."

அதன் பிறகு எங்கள் வாகனத்துக்கு அதுவே சட்டம். பெற்றோல் வராவிட்டால், மின்பொறி வராவிட்டால், றேடியேற்றர் ஒழுகினால் ஊர்க் கைவைத்தியம் செய்யலாம். மிஞ்சினால் வாகனம் நிற்கும், அவ்வளவுதான். றேடியேற்றருக்கு மஞ்சள்தூளும் பெற்றோல் தாங்கிக்குச் சவர்க்காரமும் வீடு வந்து சேர உதவும். ஆனால் பிறேக், சுக்கான், ரயர், சட்டகம் ஆகிய நான்குக்கும் புதிய சாமான் வரும்வரை வாகனம் அசையாது. அடுத்த பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது பரிசோதகர் சட்டகத்தில் திருப்புளியால் குத்தினார், அது மறுபக்கம் வந்தது. முந்திய சொந்தக்காரர் கறுப்புத் தார் பூசி மறைத்திருந்தார். அண்ணர் வாதாடவில்லை. உக்கிய பகுதியை வெட்டி, தடித்த உருக்குத் தகடு வைத்து ஒட்ட ஒரு மாதம் எடுத்தது. பிறேக் குழாய்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டோம்.

பழைய லாண்ட் றோவர்களை இன்னும் பிழைப்புக்காக ஓட்டும் ஊர்களும் உண்டு. இந்தியாவில் டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங் என்னும் சிற்றூரில் இருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பு மலை வரை பயணிகளை ஏற்றிச் சென்றவை 1950களில் செய்யப்பட்ட லாண்ட் றோவர்களே. மூல இயந்திரம் போன பின் இந்திய டீசல் இயந்திரத்தைப் பொருத்தி, தகப்பனிடம் இருந்து மகன் பழகி ஓட்டி வந்தார்கள். ஓட வைக்கிற பகுதியில் அவர்கள் எத்தனையோ மாற்றம் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் செங்குத்தான பாதையில் இறங்க வேண்டுமே! பிறேக்கில் விளையாடுகிறவர் அங்கே அதிக நாள் ஓட்டியிருக்க முடியாது என்பது அண்ணரின் கருத்து.

எங்கள் வாகனத்துக்கு வந்த கடைசிச் சோதனை இயந்திரப் பழுது அல்ல. புகை மிகுந்த வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடும் யூலெஸ் வலயம் 2021 அக்டோபர் 25ஆம் திகதி தென் சுற்றுவீதி வரை விரிந்தது. அந்த வீதி ஸ்ட்ரெதம் ஹில்லை ஊடறுத்துப் போவதால் ஊரின் ஒரு பகுதி உள்ளேயும் மறுபகுதி வெளியேயும் ஆனது. 2023 ஆகஸ்ட் 29இல் லண்டன் முழுவதும் உள்ளே வந்தது. எங்கள் வாகனத்தை ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். நாற்பது வயது கடந்து, வரலாற்று வாகனமாகப் பதியப்பட்டு, வியாபாரத்துக்குப் பாவிக்கப்படாத வாகனங்களுக்கு விலக்கு உண்டு. எங்களுடையதற்கு அப்போது முப்பத்தொன்பது வயது!

கோபப்பட எங்களுக்கு மனம் வரவில்லை. 2013இல் லூயிஷமில், தென் சுற்றுவீதிக்கு அருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுடைய மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். எங்கள் மூன்று வீட்டிலும் ஒரு பிள்ளை 'பம்ப்' அடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனது. நாங்கள் ஆசைக்கு ஓட்டும் வாகனத்தின் புகை யாருடைய பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது என்று நினைக்க வேண்டியிருந்தது.

வாகனத்தை நொருக்கக் கொடுத்தால் 2,000 பவுண் தரும் திட்டம் அப்போது இருந்தது. 2024 மார்ச்சில் இருந்து, அப்படியான வாகனங்களை உக்ரெய்னுக்கு நன்கொடையாகக் கொடுக்கவும் வழி செய்தார்கள். அதைக் கேட்டதும் நாங்கள் மூவரும் அண்ணரைப் பார்த்தோம். போருக்குள் ஒரு வாகனத்தின் பெறுமதி எங்களில் அவருக்குத்தான் கூடத் தெரியும். அவர் இரண்டு நாள் யோசித்தார். "நல்ல வாகனமெண்டா இண்டைக்கே குடுங்கோ எண்டு சொல்லுவன். உதின்ரை ரெண்டாம் கியர் கழண்டு விழும். காயக்காரனை ஏத்திக்கொண்டு போற ஆளுக்கு உதைக் குடுக்கேலாது" என்றார். நாங்கள் வாகனத்துக்குப் பதிலாக ஒரு தொகைப் பணத்தைச் சேர்த்து அனுப்பினோம்.

வாகனத்தைப் பாவனையில் இல்லை என்று பதிந்து, வீதியில் இருந்து எடுத்து, நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் விட்டோம். பாவனையில் இல்லை என்று பதிந்த வாகனத்தைப் பொது வீதியில் நிறுத்தி வைக்கக் கூடாது. ரயரில் தட்டை விழாமல் இருக்க மரக்குற்றி மேல் ஏற்றி வைத்தோம். பற்றரியைக் கழற்றினோம். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் அண்ணர் வந்து இயந்திரத்தை எழுப்பி, சூடேறும்வரை பக்கத்தில் இருப்பார். முழங்கால் வருத்தம் காரணமாக அவரால் கீழே படுக்க முடியாது. எங்கள் மூத்த மகள் கீழே படுத்து அவர் சொல்வதைச் செய்வாள். முதலில் சத்தத்தைக் கேட்கவும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும் அவளும் பழகிக்கொண்டாள்.

1985 ஜனவரி 1க்கு முன் செய்யப்பட்ட வாகனங்கள் 2025 ஏப்ரல் 1 முதல் வரலாற்று வாகனமாகப் பதியத் தகுதி பெற்றன. பதிவுப் புத்தகத்தோடு தபாற்கந்தோருக்குப் போய் மாற்றினோம். வரியும் இல்லை, யூலெஸ் கட்டணமும் இல்லை. நாற்பது வயதான, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்துக்கு ஆண்டுப் பரிசோதனையும் சட்டப்படி தேவையில்லை. ஆனால் எங்கள் சட்டம் வேறு. முதல் வேலையாக அதைப் பரிசோதனைக்குத்தான் கொண்டுபோனோம். "தேவையில்லையே" என்றார் பரிசோதகர். "எங்களுக்குத் தேவை" என்றோம். புகையை நினைத்து, ஆண்டில் சில நாட்கள் மட்டும் ஓட்டுவது என்றும் முடிவு செய்துகொண்டோம்.

புதிதாகக் குடியேறி, பழைய வாகனம் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். காசு கொடுக்க முன்னர் வாகன இலக்கத்தை வைத்து யூலெஸ் கட்டணம் உண்டா என்று பாருங்கள். பொதுவாகப் பெற்றோல் வாகனம் 2006க்குப் பிந்தியதாகவும் டீசல் வாகனம் 2015 செப்டெம்பருக்குப் பிந்தியதாகவும் இருந்தால் பிரச்சினை இராது. அதே இலக்கத்தை வைத்து அரசாங்க இணையத்தளத்தில் எம்.ஓ.ரி. பரிசோதனை வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். துரு என்றும் பிறேக் என்றும் மீண்டும் மீண்டும் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். 2021 செப்டெம்பரில் இருந்து இங்கே சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கிறார்கள். மிகப் பழைய வாகனங்களின் இறப்பர்க் குழாய்களை அது அரிக்கும். அவற்றுக்கு ஈ5 என்று குறித்த பெற்றோலைப் போடுங்கள். வீதியில் வைத்து மற்றவரின் வாகனத்தைக் காசுக்குத் திருத்துவது 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் கைவேலை தெரிந்த நம்மவர்கள் கவனிக்க வேண்டும். மோட்டார்வேயில் வாகனம் நின்றால் இடது பக்கக் கதவால் எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு வெளியே நின்று உதவி கேளுங்கள். அங்கே நின்று திருத்த முயல வேண்டாம். எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக் கூட இருந்தாலும் வேண்டாம்.

2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, அதே சரிவால் ஸ்ட்ரெதம் கொமனுக்கு இறங்கினோம். ஓட்டியது எங்கள் மூத்த மகள். பதினைந்து ஆண்டுக்கு முன் வெள்ளைக் காற்சட்டையோடு பின் இருக்கையில் இருந்த பிள்ளைகளில் ஒருத்தி அவள். சரிவின் நடுவில், ஒருவரும் கேட்காமலே, பின்னால் வாகனம் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பிறேக்கை ஒருமுறை நன்றாக அழுத்தினாள். வாகனம் நேராக நின்றது. பக்கத்தில் இருந்த அண்ணர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இனி விடு பிள்ளை" என்றார்.